ஒப்பில்லாதவை பலவாதல் எங்ஙனே?
உபதேசரத்தினமாலையின் ஏற்றக் கூற்றுகள் பற்றிய ஓர் ஆய்வு

அருளிச்செயல் கற்கப் புகும் இளையோர் காலக்ஷேபத்தில் முதலில் கேட்கும் வினாக்களுள் ஒன்று, “ஆழ்வார்களுள் உயர்ந்தவர் யார்? பிரபந்தங்களுள் உயர்ந்தது எது?” என்பதாம். கேட்பவர் அறியாமையால் கேட்கிறார் என்று இதனைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஏனெனில், நித்யாநுஸந்தானத்தில் நாம் ஓதிவரும் உபதேசரத்தினமாலையே இவ்வினாவுக்கு விடை கூறுகிறது. அதுவும் ஒரு விடையன்று, பல விடைகள் கூறுகிறது. அவ்விடைகள் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

ஸ்ரீ மணவாளமாமுனிகள் (1370–1443) அருளிச்செய்த இப்பிரபந்தம் 73 வெண்பாக்களால் ஆனது. இதன் முடிவில் எறும்பியப்பா அருளிய வெண்பா ஒன்றையும் சேர்த்து ஓதுவது வழக்கம். பிள்ளைலோகம் ஜீயர் இதற்கு வியாக்கியானம் அருளியுள்ளார். ஆழ்வார்கள் அவதரித்த மாதங்கள், நாள்கள், ஊர்கள், திருவாய்மொழியின் வியாக்கியானங்கள், ஸ்ரீவசநபூஷணத்தின் சீர்மை, ஆசார்யனிடத்தில் சிஷ்யன் ஒழுக வேண்டிய முறை என்று இதன் பொருள் விரிகிறது. சுருங்கக் கூறின், இது ஸம்ப்ரதாயத்தின் வரலாற்றுக் குறிப்பேடு. குறிப்பேடு வரிசைப்படுத்துவது இயல்பு. இங்கோ மாமுனிகள் வரிசையோடு நில்லாது, ஏற்றமும் கூறுகிறார்.

வினா எழும் இடம்

அவ்வேற்றக் கூற்றுகளை முதலில் ஒருங்கு காண்போம். வைகாசி விசாகத்துக்கு ஒப்பான நாளும், சடகோபருக்கு ஒப்பானவரும், திருவாய்மொழிக்கு ஒப்பான நூலும், திருக்குருகூருக்கு ஒப்பான ஊரும் உண்டோ என்று ஒரே வெண்பாவில் நான்கு முறை வினவுகிறார். அதன்பின் ஆனிச் சோதியைக் கூறத் தொடங்கி, திருப்பல்லாண்டுக்கு நிகரான கலையும் பெரியாழ்வாருக்கு நிகரானவரும் உண்டோ என்று மீண்டும் வினவுகிறார். அதனை அடுத்து, ஆண்டாள் அவதரித்த திருவாடிப்பூரத்துக்கு நிகரான நாளும் இல்லை என்பது பட உரைக்கிறார். மதுரகவிகள் அவதரித்த சித்திரையில் சித்திரை, மற்ற ஆழ்வார்கள் அவதரித்த நாள்களினும் மேம்பட்டது என்கிறார். எம்பெருமானார் அவதரித்த சித்திரையில் திருவாதிரையும் ஆழ்வார்களின் திருநக்ஷத்திரங்களைக் காட்டிலும் மேம்பட்டது என்கிறார். பிற்பகுதியில் பிள்ளைலோகாசார்யர் அருளிய நூல்களுள் ஸ்ரீவசநபூஷணத்தின் சீர்மை வேறொன்றுக்கு இல்லை என்கிறார்.

இவற்றுள் நாள்களைப் பற்றியவை மட்டும் நான்கு. அவை இருபதுக்கும் குறைந்த வெண்பாக்களுக்குள் வருகின்றன. ஒப்பற்றது என்பது ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இரண்டாயின் அவை ஒன்றுக்கொன்று ஒப்பாகிவிடும். இஃது அளவை நூலோர் அனைவரும் ஒப்பும் செய்தி. எனின், மாமுனிகளின் கூற்று எங்ஙனே பொருந்தும்?

பொதுவாகக் கூறப்படும் இரு விடைகள்

இதற்குப் பொதுவாக இரண்டு ஸமாதானங்கள் கூறப்படுவதுண்டு.

முதலாவது: இவை அன்பின் மிகுதியால் எழுந்த உபசார மொழிகள், எந்த ஆழ்வாரைப் பேசுகின்றாரோ அவர்பால் ஈடுபட்டு அவ்வப்போது அவரையே உயர்த்துகிறார், இவற்றை ஒன்றோடொன்று வைத்து நிறுத்தல் தகாது என்பது. கேட்க இனிதாயினும் இவ்விடை நூலின் சொல்லோடு மாறுபடுகிறது. ஸ்ரீவசநபூஷணத்தின் ஒப்பின்மையைக் கூறும் இடத்தில், தாம் கூறுவது புகழ்ச்சியன்று, மெய்யே என்று மாமுனிகள் தாமே காவலிட்டு வைத்துள்ளார். ஓரிடத்தில் இவ்வாறு காவலிட்டவர் மற்ற இடங்களில் காவலின்றி மிகைபடப் பேசினார் என்று கொள்வது, அவர் சொல்லைக் கையாளும் முறைக்கு இழுக்காகும். மீமாம்ஸகர் அர்த்தவாதத்தை மூன்றாகப் பகுப்பர். பிற பிரமாணத்தோடு முரணுவது குணவாதம். பிற பிரமாணத்தால் முன்பே அறியப்பட்டதைக் கூறுவது அநுவாதம். இவ்விரண்டுமல்லாது உள்ளதை உள்ளபடி கூறுவது பூதார்த்தவாதம். மெய் என்று காவலிட்டதனால் அக்கூற்றைப் பூதார்த்தவாதமாகக் கொள்க என்பதே மாமுனிகளின் திருவுள்ளம் என்பது தேறுகிறது. ஒரே நூலில் ஒரே நடையில் வரும் மற்றவற்றையும், முரண் நிலைநாட்டப்படும் வரையில், அங்ஙனமே கொள்ளுதல் முறை.

இரண்டாவது: நஹிநிந்தா ந்யாயத்தைக் காட்டுவது. ஒன்றைத் தாழ்த்துவது தாழ்த்தற்பொருட்டன்று, மற்றொன்றை உயர்த்தற்பொருட்டே என்பது அந்த ந்யாயம். ஆழ்வார்களைத் தாழ்த்தும் கருத்து மாமுனிகளுக்கு இல்லை என்பதைக் காட்ட இது பயன்படும், ஐயமில்லை. ஆயினும் நம் வினா வேறு. எவரையும் தாழ்த்தவில்லை என்பது தெளிந்த பின்னும், பலர் எங்ஙனே ஒப்பற்றவராவர் என்பது எஞ்சி நிற்கிறது. ஆக, இந்த ந்யாயம் ஓர் அபசாரத்தை விலக்குகிறது, முரணை விலக்கவில்லை.

சொல்லமைதி காட்டும் வழி

விடை அவ்வெண்பாக்களின் சொல்லமைதியிலேயே உள்ளது என்பது என் துணிபு.

தமிழில் ‘எல்லாவற்றினும் உயர்ந்தது’ என்னும் பொருளைத் தரத் தனி விகுதி இல்லை. அப்பொருளைத் தமிழ் இரண்டு வழிகளில் பெறுகிறது. ஒன்று, ஐந்தாம் வேற்றுமையால் எல்லை குறித்து ‘அவற்றிலும் இது’ என்று கூறுவது. மற்றொன்று, எதிர்மறைப் பொருள் தரும் ஓகாரத்தால் ‘உண்டோ’ என்று வினவுவது. முதல் வழியில், எவற்றினும் உயர்ந்தது என்னும் எல்லையைக் கூறியே ஆகவேண்டும். இரண்டாம் வழியில், தேடிப் பார்க்கும் பொறுப்பு கேட்பவனிடத்தில் ஒப்படைக்கப்படுகிறது. மாமுனிகள் இவ்விரு வழிகளையும் கையாள்கிறார். கையாளும் இடந்தோறும் மூன்றில் ஒன்றையேனும் உடன் வைக்கிறார்: எந்தக் கூட்டத்துள் உயர்வு என்னும் எல்லை, எதனால் உயர்வு என்னும் ஹேது, யாருக்கு உயர்வு என்னும் அதிகாரி. இவற்றைக் கொண்டு ஒவ்வொன்றாகக் காண்போம்.

நம்மாழ்வாரும் பெரியாழ்வாரும்

முரண் கூர்மையாகத் தோன்றுவது இங்கேதான். பெரியாழ்வாரைப் பற்றிய வெண்பா, தமிழ்நூல் செய்த ஆழ்வார்கள் தம்முள் என்று எல்லையைத் தெளிவாகவே இடுகிறது. அந்தக் கூட்டத்துள் நம்மாழ்வாரும் அடங்குவர். அவரையோ சில வெண்பாக்களுக்கு முன்புதான் ஒப்பற்றவர் என்றார். எல்லையால் இம்முரண் தீராது. ஹேதுவால் தீர்கிறது.

வைகாசி விசாகத்தின் ஏற்றத்துக்கு மாமுனிகள் கூறும் ஹேது, வேதத்தைத் தமிழாகச் செய்தவர் அவதரித்த நாள் என்பது. திருப்பல்லாண்டின் ஏற்றத்துக்குக் கூறும் ஹேது, வேதத்துக்குப் பிரணவம் எப்படியோ அப்படியே ஆழ்வார்களின் கலைகளுக்கெல்லாம் அது ஆதியாயும் சுருக்கமாயும் மங்களமாயும் உள்ளது என்பது. இவ்விரு ஹேதுக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இவை தற்செயலாக வந்தவை அல்ல என்பது புலனாகும். ஓரிடத்தில் வேதம், மற்றோரிடத்தில் பிரணவம். வேதம் பிரணவத்தின் விரிவு. பிரணவம் வேதத்தின் சுருக்கம். வேதத்தினும் பிரணவம் உயர்ந்ததா, பிரணவத்தினும் வேதம் உயர்ந்ததா என்று வினவுவார் இலர். விதைக்கும் மரத்துக்கும் போட்டி இல்லை. விரிவில் திருவாய்மொழிக்கு நிகரில்லை. சுருக்கத்தில் திருப்பல்லாண்டுக்கு நிகரில்லை. இரண்டும் ஒரே பொருளின் இரு நிலைகளாதலால், ஒன்றின் ஒப்பின்மை மற்றொன்றின் ஒப்பின்மையைக் கெடுக்காது. அதனை நிலைநிறுத்தவே செய்யும்.

நூலைப் பற்றிய முரண் இவ்வாறு தீர, ஆழ்வார்களைப் பற்றியது எஞ்சும். அதற்கு மாமுனிகளின் விடை, ஆர்வத்தளவில் நில்லாது பொங்கிய பரிவே ‘பெரிய’ என்னும் திருநாமத்துக்குக் காரணம் என்பது. இதன் வேர் ஸ்ரீவசநபூஷணத்தில் உள்ளது. மங்களாசாஸனம் மற்ற ஆழ்வார்களுக்கு எப்போதாவது நிகழ்வது, இவருக்கோ நித்யம் என்றும், அவர்கள் காலாழ்ந்து போகும் இடமே இவருக்கு மேடாய் இருக்கும் என்றும் பிள்ளைலோகாசார்யர் காட்டியுள்ளார். அவர்கள் ஆழ்ந்த இடம் எது? எம்பெருமானுடைய வடிவழகு. அதனைக் கண்டு அவர்கள் தம்மை மறந்தனர். இவரோ அதனைக் கண்டதும், இவ்வழகுக்கு என்ன வருமோ என்று அஞ்சிக் காப்பிட்டார். இங்கே நிறுக்கப்படுவது ஞானமோ பக்தியோ அன்று. பரிவு என்னும் ஒரு நிலை. அந்நிலையில் இவர் பெரியவர் என்றால், வேதம் தமிழ் செய்த நிலையில் மற்றவர் ஒப்பற்றவராதலுக்கு என்ன தடை?

ஆண்டாளின் ஏற்றம்

திருவாடிப்பூரத்தைக் கூறும் இடத்தில் சொல்லமைதி மாறுகிறது. ஆண்டாளுக்கு ஒப்பு உண்டாகுமாயின் இந்நாளுக்கும் ஒப்பு உண்டாகும் என்னும் கருத்துப்பட, நாளின் ஒப்பின்மையை அவளுடைய ஒப்பின்மையின்மேல் ஏற்றிவிடுகிறார். இதனால், நாளுக்கும் நாளுக்கும் இடையே தோன்றும் முரண் உண்மையில் ஆண்டாளுக்கும் மற்ற ஆழ்வார்களுக்கும் இடையிலான வினாவே என்பது தெளிவாகிறது. அடுத்த வெண்பாவோ, அவள் ஆழ்வார்களின் செயலையே விஞ்சி நிற்பவள் என்கிறது. இங்கே முரண் முன்னையினும் மிகுவதாகத் தோன்றும்.

ஆனால் அதே வெண்பா, எம்பெருமானுக்கு என்ன தீங்கு நேருமோ என்று அஞ்சும் குடிக்கு வாய்த்த ஒரே ஸந்ததி என்று அவளைக் கூறுகிறது. இச்சொல்லைப் பலரும் பெருமைக்குரிய அடைமொழியாகக் கொண்டு கடந்துவிடுகின்றனர். விஞ்சுதலுக்கு இதுவே ஹேது என்று கொண்டால் பொருள் விளங்கும். முன்னோர் தேடிய செல்வம் அனைத்தும் ஸந்ததிக்குச் சேரும். தான் தேடியதும் அதனோடு கூடும். ஆகவே வாரிசின் செல்வம் முன்னோர் ஒவ்வொருவருடைய செல்வத்தையும் விஞ்சும். இதனால் எந்தத் தந்தையும் வறியவனாவதில்லை. அவ்விஞ்சுதலால் மகிழ்பவனும் அவனே. போட்டியில் ஒருவன் மற்றொருவனை வெல்வது வேறு. குடியின் வழித்தோன்றல் குடியை விஞ்சுவது வேறு. மாமுனிகள் இரண்டாவதையே கூறினார் என்பதற்கு அந்த ‘ஸந்ததி’ என்னும் சொல்லே சான்று.

‘நமக்கு’ என்னும் எல்லை

மதுரகவிகளின் நாளையும் எம்பெருமானாரின் நாளையும் கூறுமிடத்தில் ‘உண்டோ’ என்னும் வினா இல்லை. ஆழ்வார்களின் நாள்களினும் என்று எல்லை இட்டு ஏற்றம் கூறுகிறார். அதனோடு ‘எமக்கு’ என்றும் ‘நமக்கு’ என்றும் அதிகாரியையும் குறிக்கிறார். மேலும், இரண்டு நாள்களுக்கும் ஒரே சொல்லை இடவில்லை. மதுரகவிகளின் நாள் எமக்கு ‘உற்றது’; எம்பெருமானாரின் நாள் நமக்கு ‘வாழ்வானது’.

இச்சொல் வேறுபாடு கருதத்தக்கது. ஆழ்வாரையே தெய்வமாகக் கொண்ட மதுரகவிகளின் நிலை, ஆசார்யனைப் பற்றி நிற்கும் நம் நிலைக்கு அணித்தாய் உற்றது. உலகெல்லாம் உய்ய அவதரித்த எம்பெருமானாரின் நாள், அந்நிலையில் நம்மை வாழச் செய்தது. ஒன்று உறவு, மற்றொன்று உய்வு. இரண்டும் ஒரே தட்டில் நிறுக்கப்படவில்லை.

யாருக்கு என்பதைக் கொண்டு ஏற்றம் கூறுவது இந்த ஸம்ப்ரதாயத்துக்குப் புதிதன்று. எம்பெருமானுடைய ஐந்து நிலைகளைப் பிள்ளைலோகாசார்யர் நீரின் ஐந்து நிலைகளால் விளக்கிய இடம் யாவரும் அறிந்தது. அந்தர்யாமித்வம் பூமிக்குள் மறைந்த நீர், பரத்வம் அண்டத்துக்குப் புறம்பேயுள்ள ஆவரண ஜலம், வ்யூஹம் பாற்கடல், விபவம் பெருகி ஓடிய ஆறு, அர்ச்சாவதாரம் அவ்வாற்றில் தேங்கிய மடு. நீரின் அளவைக் கொண்டு வரிசை இடின் மடு கடைசியில் நிற்கும். விடாயுற்றவனைக் கொண்டு வரிசை இடின் அதுவே முதலில் நிற்கும். ஏனெனில் தோண்டாமலும் கடவாமலும் வற்றிவிடுமோ என்று அஞ்சாமலும் பருகத்தக்கது அதுவொன்றே. பரத்வத்தின் பெருமையும் குறையவில்லை, அர்ச்சையின் ஏற்றமும் உபசாரமாகவில்லை. அளவுகோல் மாறியது, அதனை ஆசார்யர் மறைக்காமல் காட்டியும் வைத்தார்.

ஏற்றம் கூறாது நின்ற இடம்

ஒரு நூலின் நெறியை அது பேசும் இடங்களால் மட்டும் அறிதல் போதாது. பேசாத இடங்களாலும் அறிதல் வேண்டும். திருவாய்மொழியின் ஐந்து வியாக்கியானங்களையும் மாமுனிகள் தனித்தனி வெண்பாக்களால் கூறுகிறார். அவை எண்ணால் பெயர் பெற்றவை: பிள்ளானின் ஆறாயிரம், நஞ்சீயரின் ஒன்பதினாயிரம், பெரியவாச்சான்பிள்ளையின் இருபத்துநாலாயிரம், நம்பிள்ளை அருளிச்செய்தபடி வடக்குத்திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரம், வாதிகேஸரி அழகியமணவாளச்சீயரின் பன்னீராயிரம். எண் குறிப்பது 32 எழுத்துக் கொண்ட கிரந்தத்தின் அளவையே; தரத்தையன்று.

ஈட்டின்பால் மாமுனிகளுக்கு இருந்த ஈடுபாடு உலகறிந்தது. ‘ஈட்டுப் பெருக்கர்’ என்றே அவரை வழங்குகிறோம். ஒப்பற்றது என்று ஒரு சொல் இட விரும்பியிருந்தால் அதற்கு இதனினும் பொருந்திய இடம் வேறில்லை. ஆயினும் அவ்வெண்பாக்களில் அச்சொல் இல்லை. ஒவ்வொன்றும் யாருடைய அருளால், யாருடைய நியமனத்தால், எப்பயன் கருதி எழுந்தது என்று மட்டும் கூறுகிறார். பன்னீராயிரம் பின்புள்ளாரும் கற்று அறிந்து பேசுகைக்காக எழுந்தது என்கிறார். பிள்ளான் முதலானோரின் வியாக்கியானங்கள் இல்லையாகில் இக்காலத்தில் திருவாய்மொழியின் பொருளை உரைக்க வல்லவர் யார் என்று, ஐந்தையும் ஒருங்கே போற்றுகிறார்.

காரணம் எளிது. ஐந்தும் ஒரே நூலின் உரைகள்; ஒன்றுக்கு ஏற்றம் கூறின், கற்பவன் மற்ற நான்கையும் கைவிடுவான். ஏற்றம் கூறுவதால் பயன் விளையும் இடத்தில் அஞ்சாது கூறினார். இழப்பு விளையும் இடத்தில் அவற்றின் வரலாற்றைக் கூறி அமைந்தார்.

நம் காலத்துக்கு

இவ்விசாரம் வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு நம் காலத்து வழக்கமே சான்று. ‘ஈடு ஒன்றே போதும், மற்றவை அதில் அடங்கும்’ என்னும் சொல் இன்று எளிதாகப் புழங்குகிறது. ஈட்டின் ஏற்றத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சொல்லின் பயனாகப் பிள்ளானின் சுருங்கிய நடையும், பதந்தோறும் பொருள் உரைக்கும் பன்னீராயிரமும் கற்பாரின்றி அலமாரியில் உறங்குகின்றன. மாமுனிகள் அஞ்சி விலக்கிய இழப்பை, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே நாம் வருவித்துக்கொண்டோம். அவ்வாறே உபந்யாஸங்களில் எந்தத் திவ்யதேசத்தைப் பேசினாலும் அதுவே ஒப்பற்றது, எந்த ஆசார்யரைப் பேசினாலும் அவரே ஒப்பற்றவர் என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. எல்லையும் இல்லை, ஹேதுவும் இல்லை, யாருக்கு என்பதும் இல்லை. கேட்பவர் நெஞ்சில் எஞ்சுவது ஒலி மட்டுமே. இதனைக் கேட்டுப் பழகிய செவிக்கு மாமுனிகளின் ‘உண்டோ’வும் அத்தகைய ஒலியாகவே படுகிறது. முதலில் கூறிய ‘உபசார மொழி’ என்னும் ஸமாதானம் பிறந்தது இப்பழக்கத்தால்தான் என்று ஐயுறுகிறேன்.

உபதேசரத்தினமாலையின் முடிவுப் பகுதியில், முன்னோர் மொழிந்த முறையைக் கேட்டு ஆராய்ந்து பேசாமல், தம் நெஞ்சில் தோன்றியதையே சொல்லி, அதனை உபதேச பரம்பரையில் வந்தது என்பாரை மாமுனிகள் கடிந்துரைக்கிறார். அக்கடிதல் புதுப்பொருள் கூறுவார்க்கு மட்டும் உரியதன்று. முன்னோர் ஹேதுவோடு கூறிய ஏற்றத்தை ஹேதுவின்றிக் கூறுவாருக்கும் அது பொருந்தும்.

ஆக, காலக்ஷேபத்தில் “உயர்ந்தவர் யார்?” என்று வினவும் இளைஞருக்கு நாம் கூறத்தக்க விடை இதுவே: “வினா தவறன்று, ஆனால் முடியவில்லை. எவர்களுள், எதனால், யாருக்கு என்று அதனை முடித்துக் கேளும்.” முடித்துக் கேட்டால் உபதேசரத்தினமாலை ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விடையைத் தரும், அவ்விடையும், மாமுனிகள் காவலிட்டபடியே, புகழ்ச்சியாயிராது மெய்யாகவே இருக்கும்.